கூரைக்குக் கீழே ட்ரோன் எதைப் பார்த்துப் பறக்கிறது?

சென்ற இதழில் சின்ன ட்ரோன்கள் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வானத்தைப் பற்றியவை அல்ல. வாகனத் தரிப்பிடம், மண்டபம், குகை, சுரங்கம் என்று எல்லாமே கூரைக்கும் மண்ணுக்கும் கீழே. இந்த விஷயத்தை யாரும் தமிழில் விளக்கி எழுதுவதில்லை, ட்ரோனை உடைத்த பிறகுதான் பலருக்கும் தெரியவருகிறது. அதனால் இந்த முறை முழுப்பக்கமும் அதற்கே.

அண்ணா, எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தள வாகனத் தரிப்பிடத்தில் டிஜேஐ மினி 2 ஐ ஏற்றிப் பார்த்தேன். ஜிபிஎஸ் இல்லை என்று திரையில் வந்தது, ஆனாலும் ஒரே இடத்தில் ஆடாமல் நின்றது. நானும் அசையாமல் நின்று வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். இடையில் ஒரு லைட் அணைந்தது. அதற்குப் பிறகு யாரோ தள்ளிவிட்ட மாதிரி பக்கவாட்டில் போய்த் தூணில் மோதிவிட்டது. ஸ்டிக்கை நான் தொடவே இல்லை. ஜிபிஎஸ் இல்லாததுதான் காரணமா?
வாசகர், வெள்ளவத்தை

இல்லை. ஜிபிஎஸ் அங்கே ஆரம்பத்திலிருந்தே கிடையாது, அது இல்லாமலேயே உங்கள் ட்ரோன் நன்றாக நின்றிருக்கிறது. ஜிபிஎஸ் செய்மதிகள் ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன, அங்கிருந்து வரும் சிக்னல் திறந்த வெளியில் நம்மிடம் வந்து சேரும்போதே மிக மெலிந்துபோயிருக்கும், மேலே நாலு மாடிக் கொங்கிரீட் இருந்தால் அதை மறந்துவிடலாம். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. லைட் அணைந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

ட்ரோனைத் திருப்பி வயிற்றுப் பக்கம் பாருங்கள். ஒரு சின்னக் கமராவும் பக்கத்தில் அகச்சிவப்பு உணரியும் இருக்கும். உணரி தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்க்கும். கமரா தரையை விடாமல் படம் பிடித்து, ஒரு படத்தில் இருந்த புள்ளியும் கோடும் அடுத்த படத்தில் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கின்றன என்று பார்க்கும். தரை இடப்பக்கம் நகர்ந்தால் நாம் வலப்பக்கம் போகிறோம் என்று கணக்குப் போட்டு மோட்டார்களைத் திருத்தும். நீங்கள் பார்த்த அந்த ஆடாத நிலை முழுக்க இந்தக் கமராவின் வேலை. அதற்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று வெளிச்சம்: 15 லக்ஸுக்கு மேல் வேண்டும் என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறார்கள், நல்ல தெருவிளக்குக்கு நேர் கீழே நிற்கிற அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று தரையில் பிடித்துக்கொள்ள ஏதாவது அடையாளம்: கறை, வெடிப்பு, கல், கோடு, எதுவாக இருந்தாலும் சரி.

இப்போது கட்டும் அடுக்குமாடிகளில் கீழ்த்தள லைட்கள் ஆள் நடமாட்டம் இருந்தால்தான் எரியும். நீங்கள் திரையைப் பார்த்தபடி அசையாமல் நின்றீர்கள், வாகனம் எதுவும் வரவில்லை, லைட் தானாக அணைந்துவிட்டது, ட்ரோனுக்குத் தரை தெரியாமல் போய்விட்டது. ஜிபிஎஸ்ஸும் இல்லை, கமராவும் இல்லை என்றால் அது உயரத்தையும் சமநிலையையும் மட்டும் பிடிக்கும், இடத்தைப் பிடிக்காது. பறப்பவர்கள் இதை அட்டி மோட் என்பார்கள். அந்த நிலையில் பிரேக் கிடையாது. லேசான காற்று போதும், அதன் சொந்த விசிறிக் காற்று சுவரில் பட்டுத் திரும்பி வந்தாலே போதும், வழுக்கிக்கொண்டு போய்விடும்.

கீழ்த்தளத்தில் இன்னும் இரண்டு பொறி இருக்கிறது. வாகனத் தரிப்பிடத் தரைக்கு வழவழவென்று சாம்பல் பெயின்ட் அடித்திருப்பார்கள், அதில் கமராவுக்குப் பிடிமானம் கிடைக்காது, லைட்டின் பிரதிபலிப்பு மட்டும்தான் தெரியும். அப்புறம் தூணிலும் தட்டிலும் உள்ள இரும்புக் கம்பிகள் திசைகாட்டியைக் குழப்பும், அதனால் தரையிலிருந்து கிளம்பும்போதே திசைகாட்டிப் பிழை என்று எச்சரிக்கை வரலாம். அங்கே நின்று திசைகாட்டியைச் சரிசெய்யப் போகாதீர்கள், தப்பான அளவைப் பதிந்துகொண்டு வெளியில் பறக்கும்போது வம்பாகிவிடும்.

மறுபடி செய்வதென்றால் கட்டட நிர்வாகத்திடம் கேட்டு, வாகனம் இல்லாத மூலையில், லைட் அணையாமல் இருக்க ஒருவரை நடமாட வைத்து, தரையில் பழைய பத்திரிகைத் தாள்களை விரித்து நாலு மூலையும் ஒட்டிவிட்டு அதன் மேல் ஏற்றுங்கள். எழுத்தும் படமும் நிறைந்த தாளைப் போல அந்தக் கமராவுக்குப் பிடித்தது வேறு இல்லை. ஒட்டாமல் விட்டால் விசிறிக் காற்றுக்குத் தாள் எழும்பி விசிறியிலேயே சிக்கும். திரும்பவும் வழுக்கத் தொடங்கினால் எதிர்ப்பக்கம் ஸ்டிக்கைக் கொஞ்சமாக, விட்டு விட்டுத் தட்டுங்கள். ஒரேயடியாக இழுத்தால் அந்தப் பக்கமும் போய் மோதும். கட்டுக்குள் வரவில்லை என்றால் யோசிக்காமல் இறக்கிவிடுங்கள்.

கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் கலியாண வீடியோ எடுத்தபோது ட்ரோன் மேலே போய்க் கூரையோடு ஒட்டிக்கொண்டது. இறங்கச் சொன்னாலும் உடனே இறங்கவில்லை. மென்பொருள் கோளாறா?
வாசகர், கொட்டாஞ்சேனை

கோளாறு இல்லை, காற்றின் வேலை. விசிறிகள் மேலிருந்து காற்றை உறிஞ்சிக் கீழே தள்ளுகின்றன. கூரைக்கு ஒரு சாண் நெருங்கினால் மேலே காற்று வர வழி குறைந்து அங்கே அழுத்தம் இறங்கிவிடும், ட்ரோன் மேல்நோக்கி இழுபடும். நெருங்க நெருங்க இழுப்பும் கூடும். சுரங்கத்திலும் குகையிலும் இதேதான், தட்டையான கூரை என்றால் இன்னும் மோசம். கூரைக்கும் ட்ரோனுக்கும் இடையில் எப்போதும் ஒரு மீற்றராவது விடுங்கள். ஆட்களுக்கு மேலே, அதுவும் சாப்பாட்டு மேசைக்கு மேலே, விசிறிக்குக் கூடு இல்லாத ட்ரோனைப் பறக்கவிடுவதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன். கலியாணக்காரர் எவ்வளவு கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

அண்ணா, எங்கள் ஊர்ப் பக்கம் சிங்கமலை ரயில் சுரங்கம் இருக்கிறது. ரயில் இல்லாத நேரம் பார்த்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ட்ரோனை விட்டு வீடியோ எடுக்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நேரான சுரங்கம்தானே, சிக்னல் போகும் என்கிறார்கள். சரியா?
வாசகி, ஹட்டன்

வேண்டாம். மலையகப் பாதையில் 40க்கும் மேற்பட்ட சுரங்கங்கள் இருக்கின்றன, உங்கள் ஊர்ச் சுரங்கம் அதிலேயே நீளமானது, அரை கிலோமீற்றருக்கு மேல். அட்டவணையில் இல்லாத சரக்கு வண்டி, பாதை பார்க்க வரும் தள்ளுவண்டி, தாமதமான இரவு மெயில் எதுவும் உங்கள் நண்பர்களிடம் சொல்லிவிட்டு வராது. உள்ளே விழுந்த ட்ரோனை எடுக்க யாராவது ஓடுவார்கள், அதுதான் எனக்குப் பயம். ரயில்வே திணைக்களத்தின் எழுத்து மூல அனுமதியும் அவர்களுடைய ஆளும் இல்லாமல் அந்த வாயிலுக்குக் கிட்டவே போகாதீர்கள். ட்ரோனையும் சிவில் விமான சேவைகள் அதிகார சபையில் பதிந்திருக்க வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு நாடு முழுவதும் ட்ரோன் பறக்கவிடுவதையே சில காலம் நிறுத்தி வைத்திருந்தார்கள், அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு விடுவதில்லை.

சிக்னல் பற்றிக் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன், அனுமதியோடு வேறு இடத்தில் பறப்பவர்களுக்கு உதவும். ரிமோட் பேசுவது 2.4 அல்லது 5.8 கிகாஹேர்ட்ஸில். அந்த அலைகளின் நீளம் முறையே 12, 5 சென்ரிமீற்றர் அளவுதான், வளைவைச் சுற்றிப் போகத் தெரியாது, பாறையை ஊடுருவவும் முடியாது. நேரான சுரங்கத்தில் சுவர்களில் பட்டுப் பட்டு ஓரளவு தூரம் போகும், உங்கள் நண்பர்கள் சொல்வதில் அவ்வளவு உண்மை உண்டு. ஆனால் கொஞ்சம் வளைந்தாலும் சட்டென்று அறுந்துவிடும். வாயிலில் நின்றுகொண்டு ட்ரோனை மட்டும் உள்ளே அனுப்புவதுதான் எல்லோரும் செய்கிற பிழை. ட்ரோனோடு நீங்களும் நடக்க வேண்டும், கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு மேல் விடக்கூடாது.

இதைவிட முக்கியமான ஒன்று, சிக்னல் அறுந்தால் ட்ரோன் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கும் செட்டிங். டிஜேஐ ஃப்ளை செயலியில் பாதுகாப்புப் பகுதிக்குள், மேம்பட்ட பாதுகாப்பு என்ற இடத்தில் இருக்கிறது. வாங்கும்போது 'வீடு திரும்பு' என்று இருக்கும். திறந்த வெளிக்கு அது நல்லது. கூரை உள்ள இடத்தில் அது ஆபத்து, ஏனென்றால் வீடு திரும்பும் ட்ரோன் முதலில் நீங்கள் குறித்து வைத்த உயரத்துக்கு மேலே ஏறப் பார்க்கும். ஆழமாக உள்ளே போய்விட்டால் ஜிபிஎஸ் அறவே இல்லாததால் அது திரும்ப முயலாது, ஆனால் சுரங்க வாயில்தான் சிக்கலான இடம்: அரைவாசி வானம் தெரியும், நாலைந்து செய்மதி கிடைக்கும், மலையில் பட்டுத் தெறித்த சிக்னலும் கலந்து வரும், தான் இருக்கும் இடத்தைப் பத்து இருபது மீற்றர் தள்ளிக் கணக்கிட்டுக்கொண்டு பாறைக்குள் போகப் பார்க்கும். ஆகவே கூரைக்குக் கீழே போகுமுன் அந்தச் செட்டிங்கை 'அந்தரத்தில் நில்' என்று மாற்றுங்கள், தரை ஈரமில்லாமல் சமமாக இருந்தால் 'இறங்கு' என்று வைக்கலாம். நில் என்று வைத்தால் நீங்கள் நாலடி முன்னே நடந்ததும் சிக்னல் மீண்டும் கிடைக்க வாய்ப்புண்டு. வெளியே வந்ததும் பழையபடி மாற்ற மறந்துவிடாதீர்கள்.

நான் ஓய்வுபெற்ற நில அளவையாளர். எங்கள் காணிக்குப் பின்னால் கைவிடப்பட்ட பழைய காரீய (கிராஃபைட்) குழி ஒன்று இருக்கிறது. மருமகனின் மினி ட்ரோனில் டோர்ச் கட்டி உள்ளே இறக்கிப் பார்க்கலாமா?
வாசகர், கேகாலை

ஐயா, அந்த ட்ரோனுக்கு உலகத்திலேயே பொருந்தாத இடம் காரீயக் குழிதான். போகலையிலும் கஹட்டகஹவிலும் எடுப்பது பாறை வெடிப்புகளில் நரம்பாக ஓடும் காரீயம், மிகத் தூய்மையானது, நம் நாட்டுக்கு அதில் பெயர். ஆனால் காரீயம் மின்சாரத்தைக் கடத்தும். விசிறிக் காற்றில் கிளம்பும் தூசி மோட்டாருக்குள்ளும் மின்சுற்றுப் பலகையிலும் படிந்தால் குறுஞ்சுற்று ஏற்படும். சாதாரண மண் தூசியைத் துடைத்துவிடலாம், இது அப்படியில்லை. அதோடு கறுத்த சுவர் வெளிச்சத்தை விழுங்கிவிடும். அகச்சிவப்பு உணரிக்குப் போதிய ஒளி திரும்பி வராது, கமராவுக்கும் கறுப்பில் அடையாளம் எதுவும் தெரியாது. நேர்க்குத்தான குழி என்றால் கீழே பார்க்கும் கமராவின் எல்லைக்குள் தரையே இருக்காது. எல்லாமாகச் சேர்ந்து அட்டி மோடில் ஓர் ஒடுங்கிய கிணற்றுக்குள் இறக்கியது போல ஆகிவிடும், விசிறிக் காற்று சுவரில் பட்டுத் திரும்பி அதன் மேலேயே விழும்.

டோர்ச் கட்டுவது பற்றியும் சொல்ல வேண்டும். எல்லோரும் முன்கமராவுக்கு வெளிச்சம் வேண்டும் என்று நினைத்து முன்னால் கட்டுகிறார்கள். ட்ரோன் நிற்பது அடிக்கமராவால், ஆகவே முதல் வெளிச்சம் கீழ்நோக்கி இருக்க வேண்டும், அதுவும் ஒரு புள்ளியில் குவியாமல் பரவலாக. ஏர் 2எஸ், மெவிக் 3 போன்றவற்றில் இதற்காகவே அடியில் ஒரு லைட் இருக்கிறது, மினி 2 இல் இல்லை. 249 கிராம் ட்ரோனுக்கு ஒவ்வொரு கிராமும் சுமைதான், நடுவில் கட்டாவிட்டால் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே இருக்கும், விசிறிக் காற்றில் டோர்ச் ஆடினால் தரையில் நிழலும் ஆடும், அந்த ஆட்டத்தைக் கமரா தன் அசைவென்று எடுத்துக்கொள்ளும். இதற்கெல்லாம் எளிய வழி, வெளிச்சத்தை ட்ரோனில் வைக்காமல் தரையில் வைப்பதுதான். நடந்து போகக்கூடிய பாதுகாப்பான குகை என்றால் இரண்டு மூன்று எல்ஈடி விளக்குகளைப் பாதையில் வைத்துக்கொண்டே போகலாம்.

உங்கள் குழிக்கு அதுவும் சரிவராது. கைவிடப்பட்ட குழிகளில் காற்றோட்டம் நின்றுபோயிருக்கும், ஒட்சிசன் குறைந்த காற்று கீழே தேங்கியிருக்கும், மணமும் இருக்காது நிறமும் இருக்காது. ட்ரோன் கீழே விழுந்தால் போகட்டும் என்று விட்டுவிட வேண்டும். அதை எடுக்க மருமகன் கயிறு கட்டி இறங்கினார் என்ற செய்தியை நான் கேட்க விரும்பவில்லை. ஆழம் அறிய வேண்டும் என்றால் கயிற்றின் நுனியில் லைட்டோடு ஒரு சின்னக் கமராவை இறக்குங்கள், நில அளவையாளரான உங்களுக்கு அதிலிருந்து வேண்டியதெல்லாம் கிடைத்துவிடும். குழியைச் சுற்றி முதலில் வேலி போடுங்கள்.

அண்ணா, மொறட்டுவையில் பொறியியல் படிக்கிறேன். டெல்லோ ட்ரோன் ஒன்று இருக்கிறது. ஜிபிஎஸ் இல்லாத இடத்தில் தானாகப் பறந்து வரைபடம் தயாரிக்கும்படி செய்ய வேண்டும், இறுதியாண்டுத் திட்டம். முடுக்கமானியின் அளவை வைத்தே இடத்தைக் கணக்கிட முடியாதா?
மாணவி, மொறட்டுவை

முடியாது தங்கச்சி, எத்தனையோ திட்டங்கள் இந்த இடத்தில்தான் படுத்துவிடுகின்றன. முடுக்கத்திலிருந்து இடத்தைப் பெற இரண்டு தடவை தொகையிட வேண்டும், அப்போது பிழை நேரத்தின் வர்க்கத்தோடு வளரும். முடுக்கமானி ஒரு செக்கன் வர்க்கத்துக்கு 0.01 மீற்றர் மட்டும் தவறாகக் காட்டுகிறது என்று வையுங்கள், ஒரு நிமிடத்தில் அது 18 மீற்றர் பிழை. மின்வெட்டு இருட்டில் படிகளை எண்ணிக்கொண்டே மாடியிறங்குவது மாதிரி: ஓர் எண்ணிக்கை தவறினால் அதற்குப் பிறகு எல்லாமே தவறு, சுவரைத் தொட்டால்தான் திருத்திக்கொள்ளலாம்.

அந்தச் சுவரைத் தொடுகிற வேலையைக் கணினியில் செய்வதுதான் ஸ்லாம். இடத்தையும் வரைபடத்தையும் ஒரே நேரத்தில் கணக்கிடுவது. போகும் வழியில் கண்ட அடையாளங்களைச் சேர்த்துக்கொண்டே போகும், முன்பு பார்த்த இடத்துக்குத் திரும்பி வந்ததும் சேர்ந்திருந்த பிழையைப் பின்னோக்கிப் பகிர்ந்து திருத்தும். இதைப் பெரிய அளவில் பார்க்க வேண்டும் என்றால் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனமான டார்பா நடத்திய நிலக்கீழ்ப் போட்டியைத் தேடிப் பாருங்கள், 2021 செப்டெம்பரில் கென்டக்கியில் ஒரு பழைய சுண்ணாம்புக் கற்சுரங்கத்தில் இறுதிச் சுற்று நடந்தது. செர்பரஸ் அணியும் அவுஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ அணியும் புள்ளியில் சமமாக வந்து, செர்பரஸ் வென்றது. நாலுகால் ரோபோக்களும் ட்ரோன்களும் சேர்ந்து வேலை செய்தன, சிக்னல் அறாமல் இருக்க வழியெங்கும் சின்ன வானொலிப் பெட்டிகளைப் போட்டுக்கொண்டே போனார்கள். எனக்கு அந்தப் போட்டியில் மிகவும் பிடித்தது அந்தப் பெட்டிகள்தான், வளைவில் அலை திரும்பாது என்ற பழைய பிரச்சினைக்கு எவ்வளவு நேரடியான பதில்! அவர்களுடைய கண் பெரும்பாலும் லைடார். லேசர் கதிரைத் தானே அனுப்பி அளப்பதால் அதற்கு இருட்டு ஒரு பொருட்டில்லை. சுரங்கங்களில் இன்று பயன்படும் ஹோவர்மேப் என்ற லைடார் கருவி, எலியோஸ் 3 என்ற ட்ரோன் இரண்டும் அதே வழியில் வந்தவைதான்.

உங்கள் டெல்லோ 80 கிராம், லைடார் தூக்க முடியாது. ஆனால் அதற்குக் கீழ்நோக்கிய கமரா இருக்கிறது, முன்கமரா 720பி வீடியோவை வைஃபையில் மடிக்கணினிக்கு அனுப்பும், பைத்தனில் கட்டளை கொடுக்கலாம். ஒற்றைக் கமராவில் உருவம் தெரியும், அளவு தெரியாது, தூரத்துப் பெரிய கதவும் பக்கத்துச் சின்னக் கதவும் அதற்கு ஒன்றுதான். அதைத் தீர்க்க ஏப்ரல்டேக் என்ற, கமரா அடையாளம் காணும் கறுப்பு வெள்ளைச் சதுரங்களை அச்சிட்டுத் தாழ்வாரச் சுவரில் சில மீற்றருக்கு ஒன்றாக ஒட்டுங்கள், சதுரத்தின் அளவு உங்களுக்குத் தெரியும் என்பதால் தூரமும் கோணமும் கிடைத்துவிடும். முதலில் அதை வைத்து ஒரு தாழ்வாரத்தில் போய்த் திரும்பி வரட்டும். அடையாளம் இல்லாமல் ஸ்லாம் ஓட்டுவதை அதற்குப் பிறகு தொடுங்கள். பற்றரி 13 நிமிடம் என்று போட்டிருப்பார்கள், திட்டத்தைப் பத்துக்குள் முடியும்படி போடுங்கள்.

இரத்தினபுரிப் பக்கம் வவுல்பனை குகைக்குப் போகிறோம். உள்ளே ஓடை ஓடுகிறது, பார்க்க அழகு. சின்ன ட்ரோன் கொண்டு போகலாமா?
வாசகர், தெஹிவளை

கமரா கொண்டு போங்கள், ட்ரோன் வேண்டாம். அந்தக் குகை வௌவால்களின் வீடு. ட்ரோன் மோட்டார்கள் நம் காதுக்குக் கேட்காத மீயொலியையும் எழுப்பும், வௌவால் வழி கண்டுபிடிப்பதே மீயொலியால். பகலில் கூட்டமாகக் கலைந்தால் தாயைப் பிடித்துத் தொங்கும் குட்டிகள் கீழே விழும், விழுந்தவை பிழைப்பது அரிது. ட்ரோனுக்கும் அது நல்ல இடமில்லை, ஓடும் தண்ணீருக்கு மேல் நின்றால் அடிக்கமரா தண்ணீரின் ஓட்டத்தைத் தன் நகர்வு என்று நினைத்துத் தண்ணீரோடு சேர்ந்தே போகும். தொல்பொருள் திணைக்களத்துக்கோ வனஜீவராசிகள் திணைக்களத்துக்கோ உட்பட்ட குகைகளில் அனுமதியும் தனியாக வாங்க வேண்டும்.

உள்ளே பறக்கப் பழக எதை வாங்குவது? யுனிட்டி பிளாசாவில் ஒருவர் எல்லாப் பக்கமும் தடை பார்க்கும் ட்ரோன்தான் பாதுகாப்பு என்கிறார்.
வாசகர், பம்பலப்பிட்டி

வெளியில் அவர் சொல்வது சரி. உள்ளே அந்தத் தடை உணரிகளில் பெரும்பாலானவை கமராக்கள், அவற்றுக்கும் வெளிச்சம் வேண்டும். ஏர் 3எஸ் போலச் சிலவற்றில் முன்னால் லைடார் இருக்கிறது, இருட்டிலும் முன்னே உள்ள சுவரைப் பார்க்கும், ஆனாலும் அந்த ட்ரோன் ஒரே இடத்தில் நிற்பதற்குத் தரையைப் பார்க்கும் கமரா வேண்டியதுதான். ஒடுங்கிய இடத்தில் எல்லாப் பக்கமும் தடை என்று கண்டு நகரவே மறுக்கும், நீங்கள் எரிச்சலில் உணரியை அணைப்பீர்கள், பிறகு பாதுகாப்பு எங்கே?

பழகுவதற்கு விசிறியைச் சுற்றிக் கூடு உள்ள சின்ன ட்ரோன் போதும், 135 கிராம் டிஜேஐ நியோ அல்லது பழைய டெல்லோ. முதலில் வீட்டு வரவேற்பறையில் லைட் போட்டுப் பறந்து பழகுங்கள். கை வந்த பிறகு தரையில் ஒரு மெத்தையை விரித்து, இன்னொருவரை லைட் சுவிட்சருகே நிற்க வைத்து, நீங்கள் எதிர்பாராத நேரத்தில் இரண்டு செக்கன் அணைக்கச் சொல்லுங்கள். அது வழுக்கத் தொடங்கும்போது உங்கள் விரல் பதறாமல் எதிர்த் திசைக்குப் போகிறதா என்று பாருங்கள். அது பழக்கமாகும் வரை கீழ்த்தளத்துக்கும் குகைக்கும் ட்ரோனை எடுத்துக்கொண்டு போகவேண்டாம்.